கலப்பைக் கிழங்கு

பூ இரண்டு இடத்தில் பூத்துவிட்டது. வந்த வினையே அதுதான். ஒரே இடத்தில் பூத்திருந்தால் அமலோற்பவமேரிக்கு ஒரு குழப்பமும் இல்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "மதலேனு, அம்மா வந்துட்டேன்டி" என்று சொல்லி, ஒரு பாட்டம் அழுது, மூக்கைச் சிந்திப்போட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். பேதி வந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அப்படித்தான் செய்து வந்தாள். இந்த வருஷம் பாருங்கள், ஒரு கண்வலிப்பூ இங்கே நிற்கிறது, இன்னொன்று கொஞ்சம் தள்ளி அங்கே நிற்கிறது. இரண்டும் சிவப்பும் மஞ்சளுமாய் இதழை மேலே தூக்கிக்கொண்டு ஒன்றுபோல ஆடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சின்ன மேடு. இதில் எது தன் பிள்ளை?

களைக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தாள். இந்தப் பூவிடம் போய் நின்றாள், அந்தப் பூவிடம் போய் நின்றாள். இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றால் அழுகைகூட வரவில்லை. யாரைப் பார்த்து அழுவது?

சூசைத்திட்டு என்கிற அந்த ஊர் ஏலாக்குறிச்சியிலிருந்து கொள்ளிடக் கரையோடு நடந்தால் வரும். ஊரில் ஒரு முழ மண் சும்மா கிடக்காது. வரப்பில்கூடத் துவரையை ஊன்றிவிடுவார்கள். சும்மா கிடந்தது கல்லறைத் தோட்டம் ஒன்றுதான். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே ஏர் போகாது, அரிவாள் போகாது, திருநாளுக்கு முந்தின வாரம் தவிர ஆளும் போகாது. அதனால் ஊர் விரட்டியடித்ததெல்லாம் அங்கே போய்க் குடியேறிவிட்டது. காரைப் புதருக்குள் கௌதாரி குஞ்சு பொரிக்கும். எந்தக் காலத்திலோ செத்துப்போன வெள்ளைக்காரச் சாமியாரின் கல்லறை வெடிப்புக்குள் உடும்பு ஒன்று வீட்டுக்காரன் மாதிரி வாசலில் தலையை நீட்டிப் படுத்திருக்கும். புற்றைச் சுற்றிக் கீரி, பிரண்டைக் கொடியில் பச்சோந்தி, நொச்சியில் தேன்சிட்டு. ஐப்பசி பிறந்ததும் ஆறுமணிக்குருவி எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடும். விடிகிறபோது ஒரு கூப்பாடு, பொழுது சாய்கிறபோது ஒரு கூப்பாடு. அதைக் கேட்டுத்தான் பெண்கள் உலை வைப்பார்கள்.

பேதி வந்தது ஓர் ஆடி மாதம். கொள்ளிடத்தில் வெள்ளம் வடிந்த கையோடு வந்தது. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று தூக்கிக்கொண்டு போயிற்று. அமலோற்பவமேரியும் பாயோடு பாயாகக் கிடந்தாள். கண் விழித்துப் பிள்ளையைக் கேட்டபோது மதலேனாளைப் புதைத்து மண் காய்ந்திருந்தது. எங்கே வைத்தீர்கள் என்று புருஷன் சின்னப்பராஜைக் கேட்டாள். "பயப்படாத புள்ள, அடையாளம் வெச்சிருக்கேன். வேலியோரத்துல இருந்து கண்ணுவலியக் கெழங்கோட பேத்தாந்து மேட்டுல நட்டிருக்கேன்" என்றான் அவன்.

அவன் யோசனையைக் குறை சொல்ல முடியாது. குச்சி நட்டால் விறகுக்குப் பிடுங்கிவிடுவார்கள். வேறு செடி நட்டால் வேலிச் சந்தில் நுழைகிற ஆடு மேய்ந்துவிடும். கண்வலிப்பூவைப் பார்த்தாலே கண் வலிக்கும் என்று பிள்ளைகள் பறிக்காது. இலையை ஆடு கடிக்காது. கலப்பைக் கிழங்கு என்கிற அதன் கிழங்கு முழு விஷம், பன்றிகூடத் தோண்டாது. கோடையில் செடி பட்டுப்போனாலும் மழை விழுந்ததும் முளைத்து, திருநாளுக்குச் சரியாகப் பூத்து நிற்கும். இதைவிட நல்ல காவல் எங்கே கிடைக்கும்? அமலோற்பவமேரி அந்தப் பூவைத் தன் பிள்ளை மூஞ்சியாகவே நினைத்துவிட்டாள்.

இப்போது மூஞ்சி இரண்டு.

யாரோ வருகிற சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அற்புதம்மாள் மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தாள். அவள் மகன் இஞ்ஞாசியும் அதே பேதியில் போனவன்தான், அதே வரிசையில்தான் கிடக்கிறான். அற்புதம்மாள் நேராக வந்து இரண்டாவது பூ நின்ற மேட்டின் மேல் மண்வெட்டியைச் சாய்த்தாள். அமலோற்பவமேரிக்குச் சுருக்கென்றது.

"ஏக்கா, இங்க நீதான் இத நட்டியா?"

"எத?"

"இந்தப் பூவ. எம்புள்ளைக்கு வெச்ச பூவு ரெண்டு எடத்துல நிக்கிதே, அது எப்புடி? யாரோ பேத்து நட்டிருக்கணும்ல?"

"அடி இவளே! நல்லாருக்கே கதை. எம்புள்ள மேட்டுல நான் விஷத்தக் கொண்டாந்து நடுவனா? இது எங்க இஞ்ஞாசி கெடக்குற எடம். வேலமரத்து வேருக்குப் பக்கத்துல நானே கூட நின்னு வெச்சேன். ஒன்னாட்டம் பாயில கெடக்கல நான்."

அந்தக் கடைசிப் பேச்சு தேவையில்லாதது. சொல்லிவிட்டு அற்புதம்மாளுக்கே என்னவோபோல் ஆகியிருக்க வேண்டும், குனிந்து மண்வெட்டிக் காம்பைத் தடவினாள். அமலோற்பவமேரிக்கு முகம் செத்துவிட்டது.

"வேலமரமா? வேலமரம் எங்கக்கா இருக்கு? காட்டு பாப்பம்."

அற்புதம்மாள் காட்டக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. வேலமரம் இல்லை. உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு பஸ் ஓட்டினார்களே, அந்தக் கரிக்காக ஊரூராய் மரம் வெட்டினார்கள். கல்லறைத் தோட்டத்து வேலமரமும் அப்போது போயிற்று. அடிக்கட்டையையும் விடவில்லை, தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். குழியை மழை தூர்த்துவிட்டது.

"இங்கனதான்... இல்ல, இந்தாண்ட..." என்றாள் அற்புதம்மாள். அப்புறம் குரலை உயர்த்தினாள். "மரம் போனா எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அப்ப நான் பெக்கலியா?"

சத்தம் கேட்டு உபதேசியார் பாக்கியராஜ் ஓடி வந்தார். கோயில் காரியமெல்லாம் பார்க்கிற மனிதர். அந்தப் பக்கம் ஆட்களை வைத்துப் புதரை வெட்டிக்கொண்டிருந்தவர், கையில் சுண்ணாம்புச் சட்டியோடு வந்தார்.

"செத்தவங்கள நிம்மதியா இருக்க வுடுங்கம்மா. யாருது எதுன்னு முடிவு பண்ணிக்கிட்டு சீக்கிரம் சிலுவைய நடுங்க. புதுச் சாமியாரு கறாரா சொல்லிட்டாரு. சிலுவ இருக்குற மேடு நிக்கும். இல்லாத மேட்டையெல்லாம் திருநா முடிஞ்சதும் கொத்தி சமன் பண்ணிட்டு, அங்க புதுக்குழி வெட்டணுமாம். எடம் இல்ல பாருங்க."

"கொத்தினா உள்ள கெடக்குறது?" என்று கேட்டாள் அமலோற்பவமேரி.

உபதேசியார் குனிந்து சுண்ணாம்பைக் கலக்கினார். அந்தப் பதில் போதும். எலும்பு வந்தால் எடுத்து ஒரு மூலையில் குவிப்பார்கள். தப்பான மேட்டில் சிலுவை நட்டால், சரியான மேட்டில் மண்வெட்டி விழும்.

அன்று ராத்திரி அமலோற்பவமேரி வரகஞ்சோறு பொங்கினாள். சோறு குழைந்துவிட்டது. கருவாட்டுக் குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்துவிட்டது. சின்னப்பராஜ் வாயில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தான். சம்பா வயலில் களை எடுத்துவிட்டு வந்த அலுப்போடு, மூங்கில் தட்டியோரம் உட்கார்ந்து பூவரசங் கட்டையில் சிலுவை செதுக்கிக்கொண்டிருந்தான். உபதேசியார் சாக்குக்கட்டியால் எழுதிக் கொடுத்த 'மதலேனாள்' என்கிற பேரின் மேல் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்து இழுத்தான். வீடெல்லாம் மரம் கருகுகிற வாசனை.

"என்னாங்க, எந்த மேட்டுல நடப்போறீங்க?"

"பூ இருக்குற மேட்டுலதான்."

"பூ ரெண்டு எடத்துல இருக்குன்னு சொல்றேனே, காதுல வாங்குறீங்களா இல்லியா?"

"ஒண்ணு வெத வுழுந்து மொளச்சிருக்கும். பழைய எடத்துல இருக்குறதுதான் நம்மளுது."

"எது பழைய எடம்?"

சின்னப்பராஜ் கம்பியை எடுத்தான். யோசித்தான். ஆடி மாதத்து மழையில், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, வீட்டில் பெண்டாட்டியும் போய்விடுவாளோ என்று பாதி உயிரோடு பிள்ளையைப் புதைத்தவன் அவன். அப்போது வேலமரம் இருந்தது. வேலமரத்துக்கு மேற்கா, தெற்கா? அவன் மனசில் பூதான் இருந்தது. பூவைத் தவிர வேறெதையும் அவனும் மனசில் வாங்கவில்லை.

"நாளைக்கு வந்து பாக்குறேன் புள்ள" என்றான்.

அவள் சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்தாள். இத்தனை வருஷம் யார் தலைமாட்டில் உட்கார்ந்து பேசினோம்? மதலேனாளுக்குப் பிடிக்கும் என்று வருஷா வருஷம் கம்பைப் பொரித்து இடித்து, வெல்லம் போட்டு உருண்டை பிடித்துக் கொண்டுபோய் வைத்தாளே, அதை இஞ்ஞாசியா தின்றான்? அவன் நல்ல பையன்தான். தீப்பெட்டிக்குள் பொன்வண்டை வைத்து, வேல இலை போட்டு வளர்ப்பான். பொன்வண்டு முட்டை போட்டிருக்கு அத்தே என்று அவளிடமே ஓடி வந்து காட்டியிருக்கிறான். அவன் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். ஆனால் மதலேனாள் பக்கத்தில் பட்டினியாய்ப் படுத்துக்கொண்டு, அம்மா ஏன் நம்மிடம் வராமல் அங்கே போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்திருந்தால்? பிள்ளை செத்தபோது பக்கத்தில் இல்லை. செத்த பிறகும் இல்லை என்றால் அவள் என்ன தாய்?

மறுநாள் காலையில் மூன்று பேருமே அங்கே இருந்தார்கள். அற்புதம்மாளை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் அவள்தான் முதலில் வந்து உட்கார்ந்திருந்தாள். தோட்டத்தின் பாதியை உபதேசியாரின் ஆட்கள் வழித்துப் போட்டிருந்தார்கள். காரைப் புதர் இல்லை, நொச்சி இல்லை. பேதிப் பிள்ளைகள் கிடந்த வரிசையில் மட்டும் கைவைக்கவில்லை. மேடுகள் அவ்வளவு தணிந்துபோயிருந்தன, புல்லைச் செதுக்கினால் மேடும் சேர்ந்து போய்விடும். அதனால் அந்தப் பக்கம் விரட்டியதெல்லாம் இந்த வரிசைக்குள் வந்து முண்டியடித்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரச் சாமியாரின் உடும்புகூட இடம் மாறி வந்து, ஒரு மேட்டின் மேல் படுத்து இவர்களை முறைத்தது.

"தோண்டிப் பாத்துடறேன்" என்றான் சின்னப்பராஜ். "வெதையில வந்த கெழங்கு சின்னதா இருக்கும். நான் நட்டது பெருசா இருக்கும்."

முதல் பூவின் அடியில் மெதுவாகக் கொத்தி, விரலால் மண்ணைத் தள்ளினான். கிழங்கு தெரிந்தது. இரண்டு கைபோலப் பிரிந்து, கலப்பையின் வளைவோடு நல்ல பெரிசாக இருந்தது. அதன் தலையில் போன வருஷத்துக் கிழங்கின் தோல் சூம்பிப்போய் ஒட்டிக்கொண்டு, இரண்டாவது பூ இருந்த திசையைப் பார்த்து நீண்டிருந்தது.

இரண்டாவது பூவின் அடியிலும் தோண்டினான். அதுவும் அதே பெரிசு. அதன் பழைய தோல் முதல் பூவைப் பார்த்து நீண்டிருந்தது.

சின்னப்பராஜ் இரண்டு தோலையும் பார்த்தான். கையால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அளந்தான். இரண்டுக்கும் நடுவில் விரலை ஊன்றினான்.

"ஒரே கெழங்குதான்" என்றான். "போன வருசம் இங்க நடுவுல இருந்திருக்கு. இதோட ரெண்டு கை ரெண்டு பக்கமா ஓடி, ஒரு முனையில இந்தச் செடியும் இன்னொரு முனையில அந்தச் செடியும் வந்திருக்கு. பழசு செத்துப்போயி புதுசு தள்ளி வருது. வருசா வருசம் தள்ளி வந்திருக்கு."

"அப்ப அதுக்கு முந்துன வருசம்?" என்றாள் அமலோற்பவமேரி.

அவன் நடுவில் தோண்டினான். மண்ணுதான் வந்தது. சுற்றியும் தோண்டினான். சிவப்பாய்த் தம்பலப்பூச்சி ஒன்று ஓடியது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"மக்கிப் போச்சு. எந்தப் பக்கமிருந்து நடந்து வந்துச்சோ, யாரு கண்டா?" அவன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். "கலப்பக் கெழங்கு, கலப்பக் கெழங்குன்னு வாயால சொல்றோம். கலப்ப ஒரே எடத்துல நிக்குமா? வருசம் பூரா ஏர் ஓட்டுறவன், எனக்குப் போயி இது தோணலியே."

அமலோற்பவமேரி முதல் கிழங்கை எடுத்து மண்ணைத் துடைத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மடியில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான், அற்புதம்மாள் பாய்ந்து வந்து அவள் மடியைத் தட்டிவிட்டாள். கிழங்கு உருண்டு ஓடியது.

"என்னாடி பண்ற? அத எதுக்கு மடியில கட்டுற? வூட்டுக்குக் கொண்டுபோயி அரைச்சுக் குடிச்சிட்டு நீயும் இங்கனயே வந்து படுக்கப் பாக்குறியா?"

"இல்லக்கா. எம்புள்ளன்னு நெனச்சி... கையி தானா போட்டுக்கிச்சு."

அற்புதம்மாள் அவள் கையைப் பிடித்து, ஈரப் புல்லில் பரபரவென்று தேய்த்துத் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டே திடீரென்று அழ ஆரம்பித்தாள்.

"எனக்கு மட்டும் என்னா தெரியுமுன்னு நெனைக்கிற? மரத்த வெட்டிக்கிட்டுப் போனதுலேருந்து எனக்கும் ஒம்பூவுதான்டி அடையாளம். அமலோற்பவம் புள்ள பூவுக்குக் கெழக்கால மேடு எம்மவன்னு கணக்கு வெச்சேன். ஒம்பூவு நவுந்தா நானும்ல நவுந்திருக்கேன். ஒரு வருசம் ஒரு பொன்வண்டு வந்து ஒக்காந்துச்சு, எம்புள்ளதான்னு நம்பினேன். அப்பறம் மரம் இல்லாம பொன்வண்டும் வர்றதில்ல."

மூன்று பேரும் வரிசையைப் பார்த்தார்கள். புல்லும் பிரண்டையும் மூடி, சின்னச் சின்னதாய் மேடுகள். அந்த வீட்டுக்காரர்களில் பாதிப்பேர் பினாங்குக்கும் மலைத்தோட்டத்துக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். கேட்க ஆள் இல்லை. இந்த மேடுகளில் ஒன்று மதலேனாள், ஒன்று இஞ்ஞாசி. அதற்குமேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

அமலோற்பவமேரி எழுந்தாள். விழுந்த கிழங்கைப் பழைய குழியிலேயே போட்டு மண்ணைத் தள்ளினாள். நேரே வேலிக்குப் போய்க் கிளுவைக் கொம்பு ஒன்றை ஒடித்தாள். இன்னொன்றை ஒடித்தாள்.

"எதுக்கு புள்ள?" என்றான் சின்னப்பராஜ்.

"சிலுவ கட்ட."

"அதான் பூவரசுல செஞ்சு வெச்சிருக்கேனே."

"அது ஒண்ணுதான இருக்கு? மேடு எத்தினி இருக்குன்னு பாருங்க. எதையும் கொத்த வுடமாட்டேன்."

அற்புதம்மாள் தாழை நார் உரிக்கக் கரைக்குப் போனாள். கிளுவைக் கொம்பைக் குறுக்கே வைத்து நாரால் கட்டி, மேட்டுக்கு ஒன்றாய் நட்டுக்கொண்டே போனார்கள். உபதேசியார் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"என்னாம்மா அக்கிரமம் இது? ஒரு வூட்டுக்கு ஒண்ணுதான. சாமியாரு ஒவ்வொரு குழியா மந்திரிச்சிக்கிட்டு வருவாரு, பேரு கேப்பாரு. பேரு சொல்ல ஆளில்லாத குழிக்கு சிலுவ எதுக்குன்னு புடுங்கச் சொல்லுவாரு. அப்ப நான் என்னா சொல்லட்டும்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், ஒதுங்கி நில்லுங்க" என்றாள் அற்புதம்மாள்.

கல்லறைத் திருநாளன்று மழை விட்டிருந்தது. மெழுகுவத்தி கிடைக்கிற காலமா அது? கல்லறைக்குக் கல்லறை ஆமணக்கெண்ணெய் விளக்குதான் புகைந்தது. வழித்துச் சுத்தம் பண்ணிய பக்கத்தில் வெள்ளையடித்த கல்லறைகள் பளிச்சென்று இருந்தன. புதுச் சாமியார் கறுப்பு அங்கியில், தீர்த்தச் செம்போடு உபதேசியார் கூட வர, ஒவ்வொன்றாக நின்று பேர் கேட்டு, ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து வந்தார். சளி பிடித்து இருமிக்கொண்டிருந்தார். பேதிப் பிள்ளைகள் வரிசைக்குள் கால் வைத்ததும் காலடியிலிருந்து கௌதாரி ஒன்று படபடவென்று எழும்பியது. சாமியார் திடுக்கிட்டுச் செம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் இந்தப் பக்கம் சுத்தம் பண்ணல?"

உபதேசியார் வானத்தைப் பார்த்தார்.

முதல் மேட்டுக்குத் தலைமாட்டில் அமலோற்பவமேரியும் அற்புதம்மாளும் முக்காடு போட்டு நின்றார்கள். பின்னால் சின்னப்பராஜ், பேர் எழுதிய பூவரசஞ் சிலுவையைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றான். மேட்டின் மேல் ஒரு கம்பு உருண்டை இருந்தது. எல்லா மேட்டின் மேலும் இருந்தது.

"இது யாரும்மா?"

"மதலேனாள், சாமி" என்றாள் அமலோற்பவமேரி.

"இஞ்ஞாசி, சாமி" என்றாள் அற்புதம்மாள்.

"ரெண்டு பேரா? ஒரே குழியிலா?" சாமியார் இருவரையும் பார்த்தார். பேதிக் காலத்தில் அப்படியும் புதைத்திருப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அடுத்த மேட்டுக்கு நகர்ந்தார். பெண்கள் அவருக்கு முன்னால் அங்கே போய் நின்றார்கள்.

"இது?"

"மதலேனாள், சாமி."

"இஞ்ஞாசி, சாமி."

சாமியாரின் புருவம் சுருங்கியது. ஜெபத்தில் ஒரு வரி தடுமாறி, திரும்பச் சொன்னார். மூன்றாவது மேடு.

"மதலேனாள், சாமி."

"இஞ்ஞாசி, சாமி."

சாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன விளையாட்டு இது? செத்தவங்க விஷயத்துல விளையாடக் கூடாது. உனக்கு எத்தனை மதலேனாள்மா?"

அமலோற்பவமேரி முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். சாமியாரிடம் அவள் எதிர்த்துப் பேசியதே கிடையாது.

"ஒருத்திதான் சாமி. எங்க படுத்திருக்கான்னுதான் தெரியல."

வேலிப் பக்கமிருந்து ஆறுமணிக்குருவி கூப்பிட்டது. சாமியார் வரிசை நெடுகப் பார்த்தார். கிளுவைச் சிலுவைகளைப் பார்த்தார், உருண்டைகளைப் பார்த்தார், ஓர் ஓரத்தில் வாடிச் சாய்ந்துகிடந்த இரண்டு கண்வலிப் பூக்களைப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. மூன்றாவது மேட்டுக்குத் தீர்த்தம் தெளித்தார். நாலாவது மேட்டுக்குப் போனார். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை.

"மதலேனாள்" என்றார் அவரே. சொல்லிவிட்டு அற்புதம்மாள் பக்கம் திரும்பினார்.

"இஞ்ஞாசி, சாமி" என்றாள் அவள்.

தலையை ஆட்டிக்கொண்டு தீர்த்தம் தெளித்தார். உபதேசியார் செம்பில் தண்ணீர் போதுமா என்று எட்டிப் பார்த்தார். அடுத்த மேட்டிலும் மதலேனாள், இஞ்ஞாசி. அதற்கடுத்த மேட்டிலும் மதலேனாள், இஞ்ஞாசி. இருட்டிக்கொண்டு வந்தது. வரிசையின் கடைசி மேடு வரைக்கும் பின்னாலேயே நடந்து வந்த சின்னப்பராஜ், எங்கே நடுவது என்று தெரியாமல், பேர் எழுதிய சிலுவையைத் தோளைவிட்டு இறக்கவே இல்லை.